தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் கேமிங் லேப்டாப்: வேகம் குறையாமல் வெப்பத்தை அடக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

கேமிங் லேப்டாப்புகளைச் சோதித்துப் பார்த்து எழுதுபவர்கள் பெரும்பாலும் 22 முதல் 25 டிகிரி வரை குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து சோதிக்கிறார்கள். தருமபுரியில் சித்திரை மாதப் பிற்பகலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் உட்கார்ந்து விளையாடுகிறவருக்கு அறையின் வெப்பமே 37, 38 டிகிரியில் நிற்கும். லேப்டாப்பின் ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் காற்றை இழுத்து, சூட்டை ஏற்றி, வெளியே தள்ளுகிறது. அதனால் அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். அந்தச் சோதனை அறையில் 80 டிகிரி காட்டிய அதே லேப்டாப் நம் ஊரில் 93 டிகிரி காட்டினால் அதில் வியப்பில்லை. இயந்திரம் பழுது என்று உடனே முடிவு கட்டவும் வேண்டியதில்லை.

ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. நம் பக்கத்தில் இப்படிப்பட்ட லேப்டாப், ஒரு குடும்பம் மாங்காய்க் குத்தகைப் பணத்தையோ தவணைக் கடனையோ போட்டு வாங்கும் பொருள். பிள்ளையின் பொறியியல் படிப்பும் விளையாட்டும் அதிலேயே நடக்கின்றன. நான்கைந்து வருடம் அது உழைத்தாக வேண்டும்.

சூடு என்றதும் எல்லோரும் முதலில் கூலிங் பேட் வாங்குகிறார்கள். பிறகு சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றச் சொல்கிறார்கள். கடைசியாக செட்டிங்ஸைப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் இந்த வரிசை தலைகீழானது. முதலில் அளந்து பார்க்க வேண்டும். அடுத்து, பயனில்லாமல் எரிகிற வாட்டைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு காற்றோட்டம். ஸ்க்ரூடிரைவர் கடைசியில்தான். முதல் இரண்டு படிகளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

எவ்வளவு வரை பயமில்லை

பெரும்பாலான இன்டெல் லேப்டாப் ப்ராசஸர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. சில புதிய மாதிரிகளில் 105, 110 வரையும் இருக்கிறது. ஏஎம்டி ரைசன் வகையில் மாதிரியைப் பொறுத்து 95 முதல் 105 வரை. என்விடியா லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகள் பொதுவாக 87 டிகிரியை ஒட்டி வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். வரம்பைத் தொட்டவுடன் சிப் எரிந்துபோகாது; அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதைத்தான் த்ராட்லிங் என்கிறார்கள். விளையாட்டில் நீங்கள் உணரும் திடீர்த் தடங்கலுக்கு அதுவும் ஒரு காரணம்.

நம் ஊர்க் கோடையில் நான் சொல்லும் இலக்கு இது: அரை மணி நேரம் விளையாடிய பிறகு ப்ராசஸரின் சராசரி 90 டிகிரிக்குக் கீழ், கிராஃபிக்ஸ் 82, 83 டிகிரிக்குக் கீழ், தகவல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 70 டிகிரிக்குக் கீழ். ஒரு நொடி மட்டும் 97 காட்டி இறங்கினால் கவலைப்படாதீர்கள். சிப்பைவிட அதைச் சுற்றி இருப்பவற்றைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது நல்லதல்ல. ஃபேனின் பேரிங், கீபோர்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக், திரையின் கீல் எல்லாம் தொடர்ந்த சூட்டில் சீக்கிரம் தளர்ந்துபோகின்றன.

முதல் படி: அளந்து பாருங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். திறக்கும்போது சென்சார்களை மட்டும் காட்டும்படி தேர்ந்தெடுங்கள். நீண்ட பட்டியல் வரும்; மிரள வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியவை சில வரிகள்தான்: ப்ராசஸர் பேக்கேஜ் வெப்பம், ப்ராசஸர் பேக்கேஜ் பவர், ப்ராசஸருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரின் (கணக்கிடும் தனி அலகின்) வெப்பம், தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் ஆம், இல்லை என்ற பதில், கிராஃபிக்ஸ் வெப்பம், கிராஃபிக்ஸ் பவர், எஸ்எஸ்டி வெப்பம். நான்கு பத்திகளில் தற்போதைய அளவு, குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று எண்கள் ஓடும். எல்லோரும் அதிகபட்சத்தைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். நீங்கள் சராசரியைப் பாருங்கள்.

வழக்கமாக விளையாடும் கேமைத் திறந்து, ஆட்டம் தொடங்கியதும் எச்டபிள்யூஇன்ஃபோவின் கீழ்ப்பகுதியில் உள்ள கடிகாரப் பொத்தானை அழுத்தி எண்களைப் புதிதாகத் தொடங்கவிடுங்கள். அரை மணி நேரம் விளையாடுங்கள். அறையின் வெப்பத்தையும் ஒரு சாதாரண தெர்மாமீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். மார்கழியில் எடுத்த அளவையும் வைகாசியில் எடுத்த அளவையும் அறை வெப்பம் தெரியாமல் ஒப்பிடவே முடியாது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னருடன் வரும் ரிவாட்யூனர் மூலம் ஃப்ரேம் எண்ணிக்கையையும் (நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு) திரையின் மூலையில் வரவழைத்துக்கொள்ளுங்கள். ஃபர்மார்க் போன்ற கடும் சோதனைகளை ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. எந்த விளையாட்டும் கொடுக்காத சுமையை அவை கொடுக்கும்.

வெப்பம் ஏறும் விதத்தைக் கவனித்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். கேம் தொடங்கிய இரண்டு மூன்று நொடியிலேயே 95க்குப் பாய்ந்து, வெளியே வந்ததும் அதே வேகத்தில் 60க்கு விழுந்தால், சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் கெட்டிருக்கிறது. அல்லது ப்ராசஸருக்கு அளவுக்கு மீறிய வாட் போகிறது. 70, 75, 80 என்று மெதுவாக ஏறி, கால் மணி நேரம் கழித்து 95இல் நின்றால் காற்றோட்டம் போதவில்லை, அல்லது சூட்டை வெளியேற்றும் செப்புத் துடுப்புகளில் தூசி அடைத்திருக்கிறது. கோர்களுக்கு இடையே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினால் பேஸ்ட் ஒரு பக்கம் விலகியிருக்க வாய்ப்பு அதிகம்.

வெப்பம் சரியாக இருந்தும் விளையாட்டு தடுமாறினால் அது வேறு கதை. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இரண்டாம் படி: வீணாகும் வாட்டைக் குறையுங்கள்

இந்த வழிகாட்டியில் முக்கியமான பகுதி இதுதான். லேப்டாப் உறிஞ்சும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாக மாறி உங்கள் அறைக்குள்தான் வருகிறது. ப்ராசஸர் 55 வாட், கிராஃபிக்ஸ் 100 வாட் என்றால், 155 வாட் ஹீட்டரை மடியருகே வைத்திருக்கிறீர்கள். பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினால் அறையும் சூடேறி, அந்தச் சூட்டுக் காற்றையே ஃபேன் மறுபடியும் இழுக்கும். எனவே 20 வாட் குறைத்தாலும் அதன் பலன் இரண்டு இடத்தில் கிடைக்கிறது.

முதல் வேலை, ஃப்ரேம் வரம்பு. 144 ஹெர்ட்ஸ் திரையில் வேலரண்ட் போன்ற எளிய விளையாட்டை வரம்பில்லாமல் ஓடவிட்டால் 250 ஃப்ரேமுக்கு மேல் போகும். திரையில் முழுதாகத் தெரிவது நொடிக்கு 144தான். மிச்சத்துக்குச் செலவாகும் மின்சாரம் சூடாக வெளியே வருகிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேனேஜ் த்ரீடி செட்டிங்ஸ் பகுதிக்குப் போய், மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்பதை 141 என்று வையுங்கள். போட்டி விளையாட்டில் வினாடியின் நூறில் ஒரு பங்குக்காக வரம்பின்றி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மெனுவில் மட்டுமாவது வரம்பு வைக்கலாம். வேலரண்டில் அதற்குத் தனி வசதியே இருக்கிறது. சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகளுக்கு 60 அல்லது 72 ஃப்ரேம் தாராளம். கோடையில் நான் எல்லோரையும் 60இல் நிறுத்தச் சொல்கிறேன். வரம்பு வைத்தால் ஃப்ரேம் ஏறி இறங்காமல் சீராகவும் இருக்கும்.

இரண்டாவது, ப்ராசஸர். புதிய லேப்டாப் ப்ராசஸர்கள் சில நொடிகளுக்கு 90, 100 வாட்டைக்கூடத் தாண்டும். உச்ச வேகத்தின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை மிகவும் ஏற்றும். விளையாட்டுகளில் அந்தக் கடைசித் துளி வேகத்தால் கிடைப்பது சொற்பம், வருகிற சூடோ ஏராளம். மேலும் பெரும்பாலான மாதிரிகளில் ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் சூட்டைக் கடத்தும் செப்புக் குழாய்கள் பொது. ப்ராசஸரில் 15 வாட் குறைத்தால் அந்த இடம் கிராஃபிக்ஸுக்குக் கிடைக்கும். ஃப்ரேமைக் கூட்டுவது பெரும்பாலும் கிராஃபிக்ஸ்தான். ப்ராசஸரை அடக்கியதும் ஃப்ரேம் ஏறுவதைப் பலர் நம்பவே மாட்டார்கள். செய்து பார்த்தால் தெரியும்.

இதற்குப் பலரும் சொல்லும் குறுக்குவழி, விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட் என்பதை 99 சதவீதமாக வைப்பது. அப்படி வைத்தால் டர்போ (தற்காலிகமாக வேகத்தைக் கூட்டும் வசதி) அடங்கி, ப்ராசஸர் அடிப்படை வேகத்தில் நின்றுவிடும். ரைசன் 7 5800எச் வைத்திருப்பவருக்கு இது நல்ல வழி. அதன் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். ஆனால் இன்டெல் ஐ5-12450எச்சின் அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்ஸ்தான், உச்சம் 4.4. அங்கே டர்போவை அடைத்தால் ஃப்ரேம் சரிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. உங்கள் ப்ராசஸரின் அடிப்படை வேகத்தை முதலில் பாருங்கள்.

இன்டெல்காரர்களுக்கு நல்ல வழி, வாட்டுக்கு வரம்பு வைப்பது. த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளில் டிபிஎல் பகுதியைத் திறந்தால் நீண்ட நேர வரம்பு, குறுகிய நேர வரம்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். நீண்ட நேரத்துக்கு 40, குறுகிய நேரத்துக்கு 50 என்று தொடங்கி, ஃப்ரேம் குறையாத வரை கீழே இறக்குங்கள். லேப்டாப் நிறுவனத்தின் சொந்த மென்பொருளிலேயே இந்த வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆர்மரி கிரேட், லெனோவோ வான்டேஜ், ஓமன் கேமிங் ஹப், நைட்ரோசென்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெர்ஃபார்மன்ஸ் முறையைவிட பேலன்ஸ்டு முறை கோடைக்கு ஏற்றதாக இருப்பதைப் பல மாதிரிகளில் பார்த்திருக்கிறேன். இரண்டையும் அரை அரை மணி நேரம் ஓட்டி, எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்டெல் ப்ராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் வழி முன்பு எளிதாக இருந்தது. 2019இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபின் பல நிறுவனங்கள் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளிலேயே அதைப் பூட்டிவிட்டன. உங்கள் மாதிரியில் திறந்திருந்தால் 50 மில்லிவோல்ட் குறைத்துத் தொடங்கலாம். பூட்டியிருந்தால், அதைத் திறப்பதற்காக பழைய பயாஸை ஏற்றும் ஆபத்தான வேலைக்குப் போகாதீர்கள். வாட் வரம்பே போதும்.

மூன்றாவது, கிராஃபிக்ஸ் வோல்டேஜ். பூட்டு இல்லாத இடம் இது. கிடைக்கும் பலனும் பெரிது. சிப்பின் மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் ஏறும். 950 மில்லிவோல்ட்டில் ஓடும் வேகத்தையே 850இல் ஓடவைத்தால், கணக்குப்படி அந்தச் செலவு ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். வேகம் அதே, சூடு மட்டும் குறைவு.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரைத் திறந்து கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்துங்கள். புள்ளிகளால் ஆன ஒரு வளைவு திறக்கும். கீழே வோல்டேஜ், இடப்பக்கம் வேகம். முன்பு அளந்தபோது உங்கள் கேமில் கிராஃபிக்ஸ் எந்த வேகத்தில் நிலையாக ஓடியது என்று பார்த்து வைத்திருப்பீர்கள், அதுவே இலக்கு. முதன்மைத் திரையில் கோர் கிளாக்கை 200 குறைத்தால் வளைவு முழுவதும் கீழே இறங்கும். பிறகு வளைவில் 850 மில்லிவோல்ட்டுக்கு நேராக இருக்கும் புள்ளியை மட்டும் பிடித்து, இலக்கு வேகம் வரை மேலே இழுத்துவிட்டு, சரி என்ற குறியை அழுத்துங்கள். அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பவை ஒரே மட்டமான கோடாகிவிடும். இனி சிப் அந்த வோல்டேஜைத் தாண்டாது.

உடனே விளையாடிப் பாருங்கள். கேம் திடீரென்று மூடிக்கொண்டாலோ திரையில் வண்ணத் துணுக்குகள் மின்னினாலோ இலக்கு அதிகம். 15 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள், அல்லது 875க்குப் போங்கள். இதனால் சிப் கெடாது. சேமிக்காத வேலை போகும், அவ்வளவுதான். எனவே கல்லூரி ப்ராஜெக்ட் திறந்திருக்கும்போது இதைச் சோதிக்க வேண்டாம். சில நாள் நிலையாக ஓடிய பிறகே விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஏறும்படி சேமியுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 4050, 4060 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 140 வாட் மாதிரி கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். பெரும்பாலான விளையாட்டுகளில் இந்தச் சிப்புகள் 100 வாட்டை ஒட்டியே நின்றுவிடும். அதற்கு மேல் ஊட்டினாலும் கூடுதல் ஃப்ரேம் சொற்பம்.

கேமின் உள்ளேயும் வேலை இருக்கிறது. நிழல், பனிமூட்டம், ரே டிரேசிங் ஆகிய மூன்றும் அதிகம் தின்பவை. அவற்றை இறக்கினால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வசதி இருந்தால் குவாலிட்டி நிலையில் வையுங்கள்; இல்லாவிட்டால் அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர்.

மூன்றாம் படி: இடமும் காற்றும்

பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகள் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்துப் பின்பக்கம் வெளியேற்றுகின்றன. மெத்தை, தலையணை, மடி ஆகியவற்றில் வைத்தால் மூச்சே அடைத்துவிடும். மேசையின் மேல் விரித்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பையும் எடுத்துவிடுங்கள். சூட்டில் அது நெளிந்து மேலெழுந்து காற்றுத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினாலே சில டிகிரி குறையும். ஒரே உயரமுள்ள இரண்டு மரத்துண்டுகள் போதும். பின்னால் சுவர் இருந்தால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

கூலிங் பேட் பற்றிக் கேட்பார்கள். வண்ண விளக்குகளுடன் வரும் சாதாரணப் பேட், லேப்டாப்பை உயர்த்திப் பிடிப்பதால் கிடைக்கும் பலனுக்கு மேல் பெரிதாக ஒன்றும் தருவதில்லை. சுற்றிலும் ஸ்பாஞ்சு விளிம்பு வைத்து, காற்று பக்கவாட்டில் கசியாமல் உள்ளே அழுத்தித் தள்ளும் வகை உண்மையிலேயே வேலை செய்கிறது; அதன் சத்தமும் அதே அளவுக்கு அதிகம், தூசியும் கூடுதலாக உள்ளே போகும். தூசி வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அறைக்கு வருவோம். கான்கிரீட் கூரை பகல் முழுவதும் வாங்கிய வெயிலை முன்னிரவு வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மாலை ஆறு மணிக்கு வெளியே காற்று இதமாக இருக்கும்போதும் மேல்மாடி அறை கொதிப்பது அதனால்தான். அந்த நேரத்தில் சீலிங் ஃபேன், கூரைக்கடியில் தேங்கிய சூட்டைத்தான் கீழே இறக்குகிறது. சன்னலோரமாக ஒரு மேசை மின்விசிறியை லேப்டாப்பின் மட்டத்தில் வைத்து வெளிக்காற்றை இழுத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். கோடையில் பெரிய கேம்களை இரவு பத்துக்கு மேலோ விடியற்காலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை வீட்டில் பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை பெரிய கேம் வேண்டவே வேண்டாம்.

நம் பக்கத்துக் கோடை வறண்டது என்பதில் ஒரு நன்மை உண்டு. கடலோர ஊர்களில் பயன்படாத தண்ணீர் ஏர்கூலர், தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் அறையை நன்றாகவே குளிர்விக்கும். அறைக் காற்று நான்கைந்து டிகிரி இறங்கினால் லேப்டாப்பும் இறங்கும். ஆனால் கூலரை லேப்டாப்புக்கு நேராகத் திருப்பாதீர்கள், நீர்த்துளி தெறிக்கும். சன்னலைத் திறந்து வைத்தால்தான் ஈரம் தேங்காது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வாசிகளுக்கு இந்தப் பகுதி அவ்வளவாகத் தேவைப்படாது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் கோடை இரவுகளே இதமாக இருக்கும்.

நான்காம் படி: தூசி

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் லேப்டாப்புகளைத் திறந்தால் பெரும்பாலும் சாம்பல் நிறப் பொடி. கிரானைட் அறுக்கும் பட்டறைகளும் கிரஷர்களும் தேசிய நெடுஞ்சாலை 44இன் லாரிப் போக்குவரத்தும் கொடுப்பது அது. தருமபுரிப் பக்கம் செம்மண். வெளியிலிருந்து பார்த்தால் லேப்டாப் பளிச்சென்று இருக்கும். ஃபேனின் துளைகள்கூடச் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் அதற்கும் செப்புத் துடுப்புகளுக்கும் இடையே, பொடியும் துணி நூலும் தலைமுடியும் சேர்ந்து இறுகிய, கம்பளித் துண்டு போன்ற ஒரு படலம் தெரியும். காற்று போகும் வாசலை முழுதாக மூடியிருக்கும். வெளியிலிருந்து ப்ளோயரால் ஊதினால் இது வெளியே வராது. இன்னும் இறுகும், அல்லது பிய்ந்து ஃபேனுக்குள் சிக்கும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்துவிடும். பல லேப்டாப்புகளுக்கு இந்த ஒரு வேலைக்குப் பிறகு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள்: பங்குனியில், வெயில் ஏறுவதற்கு முன் ஒரு முறை, ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு முறை. வாரண்டி இருந்தால், பின்மூடியைத் திறக்கலாமா என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திறக்கும் முறை இது. ஸ்லீப்பில் வைக்காமல் முழுதாக அணைத்து, அடாப்டரைப் பிடுங்குங்கள். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுக்கும் ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடத்திலேயே தாளில் ஒட்டிவையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் துளைத்துவிடும். மூடியை நெம்ப உலோகம் கூடாது. பழைய ஏடிஎம் அட்டை போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. வேறு எதைத் தொடுவதற்கும் முன் இது. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடும்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிடம் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர்களில் இது அதிகம் நடக்கிறது. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். அழுத்தமும் மிக அதிகம். வீட்டு வாக்குவம் க்ளீனரும் வேண்டாம். அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும். பெயின்ட் பிரஷ்ஷும் கையால் அழுத்தும் ரப்பர் ப்ளோயரும் போதும்.

ஐந்தாம் படி: பேஸ்ட்

வாட்டைக் குறைத்து, தூசியையும் எடுத்த பிறகும் நொடிகளில் 95க்குப் பாய்ந்தால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். லேப்டாப் சிப்பின் மேல் உலோக மூடி கிடையாது. செப்புத் தகடு நேராகச் சிலிக்கான் மேலேயே உட்காருகிறது. சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இளகிய பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படும். மேசைக் கணினியில் புகழ்பெற்ற சில பேஸ்ட்டுகள் லேப்டாப்பில் சில மாதங்களில் தோற்றுப்போவது இதனால்தான். ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தகடு வகைப் பொருளையே நான் பரிந்துரைக்கிறேன். சாதாரண வெப்பத்தில் திடமாக இருந்து, ஏறத்தாழ 45 டிகிரியில் இளகிச் சிப்பின் மேல் படிந்துகொள்ளும், ஓரத்துக்கு ஓடாது. நம் கோடையில் அறையிலேயே மெத்தென்று ஆகிவிடும் என்பதால், பிரிப்பதற்கு முன் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். மேலுறை சுத்தமாக உரிந்து வரும். போலிகள் உண்டு, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் நம்பகமான விற்பனையாளரைப் பாருங்கள்.

செப்புத் தகட்டின் திருகாணிகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருப்பார்கள். கழற்றும்போது பின்னோக்கி, மாட்டும்போது முன்னோக்கி, ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் முறுக்காமல் சுற்றுச் சுற்றாக. நினைவகச் சிப்புகளின் மேல் இருக்கும் மெத்தைத் துண்டுகள் கிழிந்தால் அதே தடிமனில் வாங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் தகடு சிப்பின் மேல் சரியாக உட்காராது.

பேஸ்ட்டுக்குப் பதிலாகப் போடும் திரவ உலோகத்தை வீட்டில் தொடாதீர்கள். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி பலகையில் சிந்தினாலும் ஷார்ட். சில உயர்விலை மாதிரிகள் அதனுடனேயே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அவற்றை சர்வீஸ் சென்டரிடமே விடுங்கள்.

மின்சாரமும் பேட்டரியும்

மின்சாரம் போனதும் ஃப்ரேம் பாதியாகக் குறைவது பழுதில்லை. பேட்டரியால் கிராஃபிக்ஸுக்கு முழு வாட் கொடுக்க முடியாது. இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். டைப்-சி வழியாக 65 வாட் சார்ஜரில் விளையாட முயலாதீர்கள். பேட்டரி ஒரு பக்கம் இறங்க, மறுபக்கம் ஏற, அதுவே சூடாகும். நிறுவனத்தின் மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கும். எப்போதும் செருகியே வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் இயக்குங்கள். நிறைந்த சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி விரைவில் உப்பும். டச்பேட் மேலெழுந்தாலோ அடிமூடி பிதுங்கினாலோ அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

உலோக உடலைத் தொட்டால் சுருசுருவென்று உணர்வு வருகிறதா? பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்கு எர்த் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யுங்கள். இரண்டு முள் மாற்றி போட்டு அடாப்டரைச் செருகுவதை விட்டுவிடுங்கள். கோடை மழையின் இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சூடு காரணமில்லாத தடுமாற்றம்

வெப்பம் 80க்குள் இருந்தும் விளையாட்டு திக்கினால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பாருங்கள். இரண்டு இடங்களில் ஒன்றில் மட்டும் ரேம் இருப்பதாகக் காட்டினால் அதுதான் காரணமாக இருக்கலாம். ஒற்றை ரேமுடன் விற்பது நம் நாட்டில் வழக்கம். அதே அளவில், அதே வேகத்தில் இன்னொன்றைச் சேர்த்தால், ஃப்ரேம் திடீர் திடீரென்று விழுவது குறையும். அடுத்தது கிராஃபிக்ஸ் நினைவகம். 4 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3050இல் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் எந்தக் குளிரூட்டலும் காப்பாற்றாது. ஒரு படி இறக்குங்கள். திரையை எந்த கிராஃபிக்ஸ் இயக்குவது என்று மாற்றும் மக்ஸ் சுவிட்ச் உள்ள மாதிரியானால், விளையாடும்போது தனி கிராஃபிக்ஸ் நேராகத் திரைக்குப் போகும்படி மாற்றுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே கேமை, அதே இடத்தில், அதே அரை மணி நேரம் ஓட்டி, அறை வெப்பத்துடன் எழுதிவையுங்கள். ஒரே நாளில் ஐந்து மாற்றம் செய்தால் எது பலித்தது என்றே தெரியாது. எல்லாம் செய்தும் ப்ராசஸர் 40 வாட்டிலேயே 95ஐத் தொட்டால், செப்புக் குழாயில் பழுது இருக்கலாம், அல்லது ஒரு ஃபேன் நின்றிருக்கலாம். இரண்டு ஃபேன்களின் சுழல்வேகத்தையும் மென்பொருளில் பாருங்கள். பிறகு எழுதிவைத்த தாளை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். “சூடாகிறது” என்று மட்டும் சொன்னால் தூசியைத் தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். “34 டிகிரி அறையில், 40 வாட்டில், 20 நொடியில் 95” என்று சொன்னால், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அங்கேயே தொடங்கும்.